கண் இமை வீக்கம்தானே என்று இருந்துவிடாதீர்கள்!



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி, தன் மூன்று வயது மகளுக்குக் காலையில் எழுந்ததும் கண் இமை வீங்கியிருக்கிறது, வீட்டில் 'கொசுக்கடியாக இருக்கும்' என்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாகிறது, எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஆரம்பித்தது. அப்போது நான் செய்த ஒரு பெரிய தப்பை இன்னொரு தாய் செய்துவிடக் கூடாதே என்றுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பொறுமையாகப் படியுங்கள்.

2013-ல் என் மகனுக்கு நான்கு வயது. ஆடிப் பதினெட்டு கழிந்த வாரம் அவனுக்குச் சளி, இருமல். அது சரியானதும் காலையில் கண் இரண்டும் உப்பிப் போய் எழுந்தான். மத்தியானத்துக்குள் கண் வீக்கம் வடிந்துவிடும். சாயங்காலம் கால் உப்பியிருக்கும். என் மாமியார், "பேரனுக்கு இப்பத்தான் சதை பிடிக்குது" என்று சந்தோஷப்பட்டார். அப்புறம் அவரே, "யாரோ கண்ணு வெச்சுட்டாங்க" என்று உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அலர்ஜி என்று ஒரு வாரத்துக்கு மருந்து கொடுத்தார்.

ஒருநாள் குளிக்க வைக்கும்போதுதான் பார்த்தேன். அரைஞாண் கயிறு வயிற்றில் பதிந்து, தோல் சிவந்து போயிருந்தது. ஒரு மாதம் முன்பு அதே கயிறு இடுப்பில் நழுவிக்கொண்டிருந்தது. ஒன்றுக்குப் போனால் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை. அதுவும் நாளுக்கு இரண்டு தடவைதான் போகிறான். பயந்து போய் கரூரிலிருந்து திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எடை பார்த்தால் 18 கிலோ! முந்தின மாதம் அவன் 15 கிலோதான். அந்த மூன்று கிலோவும் சதை இல்லை, அத்தனையும் தண்ணீர்.

அங்கிருந்த குழந்தைகள் டாக்டரம்மா சிறுநீரை ஒரு கண்ணாடி டியூபில் எடுத்து, என் எதிரிலேயே மேல்பகுதியை மட்டும் சூடு காட்டினார். முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் எப்படி வெளுக்குமோ, அப்படி வெளுத்துத் திரிந்தது. "இது புரதம்மா, ஆல்புமின். உடம்பில் தங்க வேண்டியது வெளியே போகுது. இதுக்குப் பேர் நெஃப்ராடிக் சிண்ட்ரோம்" என்றார்.

எனக்குக் காதில் விழுந்தது 'கிட்னி' என்ற ஒரு வார்த்தைதான். அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டேன். அப்போது அவர் சொன்ன விளக்கத்தை அப்படியே சொல்கிறேன்.

நம் சிறுநீரகம் காபி வடிகட்டி மாதிரி. கழிவை இறக்கிவிட்டு, வேண்டியதை மேலே நிறுத்திக்கொள்ளும். இந்த நோயில் அந்த வடிகட்டியின் கண் பெரிதாகி, புரதம் சிறுநீரில் இறங்கிவிடுகிறது. ரத்தத்தில் புரதம் குறைந்தால், ரத்தக் குழாயில் இருக்க வேண்டிய நீர் வெளியே கசிந்து கண், கால், வயிறு என்று தேங்குகிறது. பெரும்பாலும் இரண்டு வயது முதல் ஆறு வயதுக்குள் ஆரம்பிக்கும். பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு இரண்டு மடங்கு அதிகம். இது தொற்று நோய் இல்லை. தாய் கர்ப்பத்தில் எதையோ சாப்பிட்டதால் வந்ததும் இல்லை. கிட்னி ஃபெயிலியர் என்பதும் வேறு. பத்துக் குழந்தைகளில் எட்டு, ஒன்பது குழந்தைகளுக்கு ப்ரெட்னிசோலோன் என்ற மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் நின்றுவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி வரும். முக்கால்வாசிக் குழந்தைகளுக்கு ஒரு தடவையாவது திரும்ப வருகிறது. வளர வளரக் குறைந்து, பெரும்பாலோருக்கு வாலிப வயதுக்குள் நின்று போகும்.

"ஆறு வாரம் தினமும் மாத்திரை. அப்புறம் அளவைக் குறைத்து, ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். நானாக நிறுத்தச் சொல்கிற வரைக்கும் ஒருநாள்கூட விடக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். இந்தியக் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வெளியிட்ட நெறிமுறையிலும் முதல் தடவைக்கு இதே ஆறு வாரம், ஆறு வாரக் கணக்குதான். மாத்திரையின் அளவை மட்டும் குழந்தையின் எடையை வைத்து டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நான் செய்த தப்பு

ஒன்பதாவது நாளே வீக்கம் வடிந்தது. சிறுநீர் தெளிந்தது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து பிள்ளையின் முகம் மாற ஆரம்பித்தது. கன்னம் இரண்டும் உருண்டு போனது. எந்நேரமும் பசி. ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து தோசை கேட்டு அழுவான், கொடுக்காவிட்டால் அடிப்பான். தெருப் பிள்ளைகள் 'பூசணி' என்று கூப்பிட்டார்கள்.

அந்தச் சமயம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். சொந்தத்தில் ஓர் அக்கா பிள்ளையைப் பார்த்துவிட்டு, "ஸ்டீராய்டா கொடுக்கிறே? பச்சப் புள்ளைக்கா? இருக்கிற கிட்னியும் போயிடும்டி!" என்றார். கூடவே, வெளியூரில் ஒருவர் பொடி கொடுக்கிறார், இரண்டு மண்டலத்தில் அடியோடு போய்விடும் என்றும் சொன்னார். யாரையும் நான் குறை சொல்லவில்லை. அவர் பாசத்தில்தான் சொன்னார். கேட்டது நான்தானே? ஐந்தாவது வாரம், கணவரிடம்கூடச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தப் பொடியைக் கொடுக்க ஆரம்பித்தேன்.

நாலைந்து நாளில் பிள்ளை துவண்டுவிட்டான். வாந்தி, தூக்கம், எதிலும் நாட்டமில்லை. இரண்டு வாரத்தில் பழையபடி கண் வீங்கியது. பொடி நோயை வெளியே தள்ளுகிறது என்றார்கள், அதையும் நம்பினேன். ஒருநாள் விடியற்காலை, "அம்மா, வயிறு..." என்று சுருண்டு படுத்தான். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. வயிற்றில் தேங்கிய நீரில் கிருமி புகுந்து சீழ் பிடித்துவிட்டதாம். புரதத்தோடு நோயை எதிர்க்கும் சக்தியும் சிறுநீரில் போய்விடுவதால், இந்தக் குழந்தைகளுக்கு அது சீக்கிரம் நடக்குமாம். இரண்டு நாள் எதுவும் சொல்ல முடியாது என்று கையெழுத்து வாங்கினார்கள். வார்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு ராத்திரியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

பதினான்கு நாள் ஆஸ்பத்திரி. 2013 தீபாவளிக்கு இரண்டு நாள் முன்புதான் வீடு திரும்பினோம்.

மாத்திரையை நிறுத்தியதை அழுதுகொண்டே டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. "இந்த மாத்திரையைச் சில வாரம் சாப்பிட்டால், உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய அதே சுரப்பை நிறுத்தி வெச்சிருக்கும். திடீர்னு விட்டால் அதுவும் இல்லை, இதுவும் இல்லைன்னு ஆகி உயிருக்கே ஆபத்து. அதனாலதான் படிப்படியாகக் குறைக்கிறோம். முகம் உருண்டது மாத்திரை குறையக் குறையத் தானே வடிஞ்சுடும்" என்றார். பிறகு, "நான் மாசத்துல ஒருநாள் பார்க்கிறேன். மிச்ச நாளெல்லாம் இவனை யார் பார்க்கிறது?" என்று கேட்டு, ஒரு நாற்பது பக்க நோட்டை என் கையில் கொடுத்தார்.

சகோதரிகளே, இந்த நோயில் மாத்திரைக்குச் சமமான மருந்து அந்த நோட்டுதான்.

தினமும் காலையில் ஐந்து நிமிஷம்

காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடிக்க வேண்டும். பரிசோதிக்க மூன்று வழி இருக்கிறது.

ஒன்று, டியூபில் முக்கால் பாகம் எடுத்து, மேல்பகுதியை ஸ்பிரிட் விளக்கில் சூடு செய்வது. கலங்கினால் டாக்டர் சொன்ன நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் இரண்டு மூன்று சொட்டு விட வேண்டும். அப்போது கலங்கல் தெளிந்துவிட்டால் அது வெறும் உப்பு. தெளியாவிட்டால் புரதம்.

இரண்டாவது, சல்ஃபோசாலிசிலிக் அமிலம் என்ற சொட்டு மருந்து. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மருந்துக் கடையில் வாங்கலாம். சூடு செய்ய வேண்டாம். சில சொட்டு விட்டால் போதும். அமிலம் என்பதால் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மூன்றாவது, ஸ்ட்ரிப். நனைத்து எடுத்தால் மஞ்சள் பச்சையாகும். பச்சை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு புரதம். டப்பா மேலேயே கலர் அட்டை இருக்கும். சுலபம்தான், ஆனால் செலவு கூடுதல்.

நாங்கள் செய்தது சொட்டு மருந்துதான். டியூபுக்குப் பின்னால் நியூஸ் பேப்பரைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார்கள். தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தால் 'இல்லை'. லேசாகப் பனி படர்ந்த மாதிரி இருந்தால் 'துளி'. கலங்கலாக இருந்தாலும் எழுத்தைப் படிக்க முடிந்தால் ஒரு பிளஸ். எழுத்து இருப்பது தெரிந்தும் படிக்க முடியாவிட்டால் இரண்டு. எழுத்தே தெரியாவிட்டால் மூன்று. தயிர் மாதிரி திரிந்து அடியில் படிந்தால் நான்கு.

அப்போது நான் ஒரு டெக்ஸ்டைல் கம்பெனியில் வேலை பார்த்தேன். ஏழரைக்கு பஸ் பிடிக்க வேண்டும். பிள்ளையோ எட்டு மணிக்குத்தான் எழுவான். யார் பார்ப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் மாமியார், "நான் பார்க்கிறேன்" என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் தயங்கியதும், "படிக்கத் தெரியாட்டி என்ன? எழுத்து கண்ணுக்குத் தெரியுதா, இல்லையான்னு சொல்ல முடியாதா எனக்கு?" என்று கேட்டார். தெளிவாக இருந்தால் நோட்டில் ஒரு வட்டம் போடுவார். கலங்கினால் வட்டத்துக்குள் புள்ளி வைப்பார். கண்ணேறு கழித்த அதே கைதான், ஒருநாள் தவறாமல் அந்த நோட்டை எழுதியது!

நோட்டில் தேதி, புரதம், கொடுத்த மாத்திரை அளவு, வாரம் ஒருமுறை எடை, சளி காய்ச்சல் வந்ததா என்று குறிக்க வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து 'இல்லை' அல்லது 'துளி' வந்தால் நோய் அடங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்று நாள் தொடர்ந்து மூன்று பிளஸ் அல்லது அதற்கு மேல் வந்தால் திரும்பிவிட்டது என்று அர்த்தம். உடனே டாக்டரிடம் போய்விட வேண்டும். காய்ச்சல் நேரத்தில் ஒருநாள் ஒரு பிளஸ் வந்தால் பதற வேண்டாம். மறுநாளும் பாருங்கள்.

இதில் என்ன லாபம் என்கிறீர்களா? வீக்கம் வருவதற்குச் சில நாள் முன்பே டியூபில் தெரிந்துவிடும். 2014-ல் இரண்டு தடவை, 2015-ல் மூன்று தடவை அவனுக்குத் திரும்ப வந்தது. ஐந்து தடவையும் நோட்டைப் பார்த்துவிட்டு ஓடினோம். கண்கூட வீங்காமல், ஒருநாள்கூடப் படுக்கை போடாமல் மாத்திரையிலேயே அடங்கியது.

அடிக்கடி திரும்புவதால் லெவாமிசோல் என்ற மாத்திரையையும் சேர்த்தார்கள். பூச்சி மருந்தாகப் பயன்பட்ட மாத்திரைதானாம் அது! ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்து, அவ்வப்போது ரத்தம் பரிசோதிப்பார்கள். சில குழந்தைகளுக்கு இதைவிட வீரியமான மருந்துகளும் தேவைப்படும். ஸ்டீராய்டு கேட்காத குழந்தைகளுக்குச் சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பரிசோதிப்பார்கள். எல்லாக் குழந்தைக்கும் அது தேவைப்படாது.

சாப்பாடு விஷயம்

வீக்கம் இருக்கும்போது உப்பைக் குறைக்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், பாக்கெட் நொறுக்குத்தீனி கூடவே கூடாது. நான் இட்லி மாவில் உப்புப் போடும் முன்பே அவனுக்கு ஒரு கிண்ணம் தனியாக எடுத்து வைத்துவிடுவேன். குழம்பிலும் அப்படித்தான். முதலில் முகம் சுளித்தான். கொஞ்சம் எலுமிச்சம்பழம், மிளகு சேர்த்ததும் சாப்பிட்டான். வீக்கம் அதிகமாக இருக்கும்போது தண்ணீரையும் டாக்டர் சொல்கிற அளவுதான் கொடுக்க வேண்டும். 'நிறையத் தண்ணி குடிச்சா நீர் பிரியும்' என்பது இங்கே பொருந்தாது. வீக்கம் போனதும் மற்ற பிள்ளைகள் மாதிரி சாப்பிடலாம். ஆனாலும் உப்பில் கொஞ்சம் கை இறுக்கமாகவே இருங்கள்.

புரதம் போகிறதே என்று தினமும் நாலு முட்டை கொடுக்க வேண்டியதில்லை. கிட்னிக்காரனுக்குப் பருப்பே ஆகாது என்று நிறுத்தவும் வேண்டாம். வயதுக்குத் தகுந்த பருப்பு, பால், முட்டை போதும். மாத்திரையால் வரும் பசிக்கு எண்ணெய்ப் பலகாரத்தை நீட்டினால் எடை ஏறிவிடும். வெள்ளரிக்காய், காரட், உப்பில்லாத சுண்டல், கொய்யா என்று கைவசம் வைத்திருங்கள். எலும்புக்குக் கால்சியம், வைட்டமின் டி எழுதிக் கொடுப்பார்கள். மாத்திரையைக் காலை டிபன் சாப்பிட்டதும் கொடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் வேண்டாம். உயரம், ரத்த அழுத்தம், கண் ஆகியவற்றை டாக்டர் சொல்லும் நாளில் தவறாமல் பாருங்கள்.

அம்மை, தடுப்பூசி

2016-ல் அவன் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டது. ஸ்டீராய்டு சாப்பிடும் குழந்தைக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரல்வரை பாதிக்கலாம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வகுப்பு டீச்சர் போன் செய்த அன்றே திருச்சிக்குப் போனோம், உடனே மருந்து ஆரம்பித்தார்கள். என் மாமியார் வாசலில் வேப்பிலையும் கட்டினார். நான் தடுக்கவில்லை. வேப்பிலை அது பாட்டுக்கு இருக்கட்டும், டாக்டரிடமும் போய்விட வேண்டும், அவ்வளவுதான்!

நிமோனியா, ஃபுளூ தடுப்பூசிகள் இந்தக் குழந்தைகளுக்கு அவசியம். ஆனால் சின்னம்மை, தட்டம்மை மாதிரி உயிருள்ள கிருமியில் தயாராகும் தடுப்பூசிகளை ஸ்டீராய்டு அதிகமாக இருக்கும்போது போடக் கூடாது. போலியோ சொட்டு மருந்து முகாமுக்குத் தூக்கிப் போகும் முன்பும் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேறு எந்த டாக்டரிடம் எதற்குப் போனாலும், 'என் பிள்ளை ஸ்டீராய்டு சாப்பிடுகிறான்' என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கட்டும்.

ராத்திரி என்றும் பாராமல் ஓட வேண்டிய அறிகுறிகள்: காய்ச்சலோடு வயிற்று வலி, மூச்சு வாங்குதல், ரொம்ப நேரமாகச் சிறுநீர் போகாமல் இருத்தல், ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும், கடுமையான தலைவலி அல்லது வலிப்பு, மாத்திரை தங்காமல் வாந்தி, சிறுநீர் டீ டிகாஷன் மாதிரி கறுத்துப் போதல்.

பள்ளிக்கூடத்தில் மறைக்காதீர்கள். ஒன்றுக்குப் போக அனுமதி கேட்டால் விடச் சொல்லுங்கள். முகம் உருண்டிருப்பது மருந்தால்தான், யாருக்கும் ஒட்டாது என்று டீச்சரிடம் விளக்குங்கள். நோய் அடங்கியிருக்கும்போது ஓடட்டும், விளையாடட்டும். நோயாளி மாதிரி மூலையில் உட்கார வைக்காதீர்கள்.

எங்கள் நோட்டில் கடைசியாக 'மூன்று பிளஸ்' எழுதியது 2019 டிசம்பரில். அதற்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை. மாத்திரையெல்லாம் நிறுத்திப் பல வருஷம் ஆகிவிட்டது. பையன் இப்போது அவன் அப்பாவைவிட உயரம். சளி பிடித்தால் அவனே ஸ்ட்ரிப் எடுத்துப் பார்த்துக்கொள்கிறான்.

என் மாமியார் 2022-ல் தவறிவிட்டார். பீரோவில் ஒன்பது நோட்டு இருக்கிறது. எடுத்துப் புரட்டினால் பக்கம் பக்கமாக வட்டம், வட்டமாக... அவர் போட்டது. பழைய பேப்பர்காரருக்கு மற்ற எல்லாவற்றையும் போட்டுவிட்டேன், அதை மட்டும் போட மனசு வரவில்லை.

எனவே அந்தச் சகோதரிக்கும், அவரைப் போன்ற தாய்மார்களுக்கும் நான் சொல்வது இரண்டே விஷயம்தான். காலையில் பிள்ளையின் கண் வீங்கினால், முதலில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். கொசுக்கடியா, கண்ணேறா என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். நோய் இதுதான் என்று தெரிந்துவிட்டால், டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்காதீர்கள், ஒருநாள்கூட நோட்டை மூடி வைக்காதீர்கள்.

என் பிள்ளை பட்ட அந்தப் பதினான்கு நாள் கஷ்டத்தை வேறு எந்தப் பிள்ளையும் படக் கூடாது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர்.